ஜெயித்தால் வண்டி, தோற்றால் ஆள்

மனிதர்களில் கருவி பக்தர் என்றொரு இனம் உண்டு. இவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். யாராவது எதையாவது நன்றாகச் செய்து முடித்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தால் போதும், தானாகவே வந்து சேருவார்கள். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். நம்ம ஆள் பக்கத்தில் போய் அந்த நாதஸ்வரத்தைத் தடவிப் பார்த்து, “ஆச்சாமரம் இல்லே, அப்படித்தான் பேசும்” என்பார். தையற்காரர் ரவிக்கையைக் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்தால் மிஷின் புதுசு. வைத்தியர் காய்ச்சலை இறக்கினால் மருந்து சீமை மருந்து. ஆள் எங்கே போனார்? ஆள் சும்மா கூட இருந்தார், அவ்வளவுதான்.

இந்த இனத்தில் ஓர் உயர்ந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், எழுபதுகளின் கடைசியில் நீங்கள் மட்டாஞ்சேரி பஜாருக்குப் போயிருக்க வேண்டும். அங்கே மிளகுத் தரகர் ஜாபர் சாதிக் இருந்தார். நாற்பத்து மூன்று வயது, நல்ல குரல், அதைவிட நல்ல தொந்தி. மூட்டையில் கம்பியைக் குத்தி நாலு மணி மிளகை எடுத்துக் கடித்தால் அது எந்த மலையில் விளைந்தது, எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது, எத்தனை பேர் அதில் பப்பாளி விதை கலந்தார்கள் என்று சொல்லிவிடுவார். அதில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை எங்கே வந்தது என்றால், உலகத்தில் எல்லாமே மூட்டைக்குள் இருக்கிற சரக்கைப் பொறுத்தது, மூட்டையைத் தூக்கி வருகிறவனைப் பொறுத்தது இல்லை என்று அவர் முடிவு கட்டியதில்தான் வந்தது.

அவருக்கு ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள் இருந்தது. மிளகுக்கு அடுத்தபடி அவர் பேசும் ஒரே விஷயம் மோட்டார் சைக்கிள் பந்தயம். காலை பத்து மணிக்கு நாணுவின் சாயாக் கடையில் சபை கூடும். எர்ணாகுளத்திலிருந்து வரும் பழைய ஆங்கிலப் பத்திரிகையை விரித்து, எங்கோ ஐரோப்பாவில் ஒருவன் மழையில் நூற்றைம்பது மைல் வேகத்தில் வளைவில் படுத்து எழுந்து ஜெயித்த செய்தியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

“நாலு சிலிண்டர். பின்னே ஜெயிக்காம?”

“அப்போ ஓட்டின ஆளோ, ஜாபரிக்கா?” என்பான் நாணு, சாயாவை ஆற்றிக்கொண்டே. பரம்பரை பரம்பரையாகக் கொச்சிக்காரன். இந்தக் கேள்வியைத் தினமும் கேட்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

“ஆளா? அந்த வண்டியை என் கையில குடு. நானும் ஜெயிப்பேன். நீயும் ஜெயிப்பே. உன் பாய்லரைத் தூக்கி சீட்டுல வச்சுக் கட்டி விடு, அதும் ஜெயிக்கும். வண்டி நூறு, ஆள் பூஜ்யம். எழுதி வச்சுக்கோ!”

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். அவருடைய ஜாவாவைப் பந்தயத்தில் ஓட்டியது அவர் இல்லை, அவருடைய மச்சினன் மொய்து. மனைவி சுலைஹாவின் தம்பி, இருபத்தாறு வயது, ஜாபரின் மிளகு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியிலேயே வேலை பார்ப்பவன். வாரத்தில் ஆறு நாள் மிளகு தூற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இடக்கொச்சியில் காயலோரம் மண் அடித்து நிரப்பிப் போட்டிருந்த மைதானத்தில் பந்தயம் ஓட்டுவான். அடிக்கடி ஜெயிப்பான். ஜெயித்து வந்ததும் ஜாபர் சாதிக் நேரே வண்டியிடம் போய், டாங்கைத் தட்டிக் கொடுத்து, எஞ்சினோடு நாலு வார்த்தை பேசி, மொய்துவின் கழுத்தில் கிடக்கும் மாலையைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டுவார். மாலை மாட்டிய வண்டியைத் தள்ளிக்கொண்டு பஜார் முழுக்க நடந்து வருவார். ஜெயித்த ஆள் பின்னால் பஸ்ஸில் வருவான்.

சரி, தோற்றுப் போனால்? அப்போதுதான் ஆள் பிறப்பான்! “வண்டி என்னமோ பறக்கத்தான் பார்த்துச்சு. பய பிடிச்சு நிறுத்திட்டான். கையிலே ஒண்ணும் இல்லை.” அதாவது ஓட்டுகிறவன் என்று ஒருவன் உலகத்தில் உண்டு. ஆனால் தோற்ற அன்றைக்கு மட்டும் உண்டு.

கடைத்தெருவில் மூட்டை தூக்கும் செல்லப்பாவுக்கு மட்டும் இது பொறுக்காது. அவன் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவன், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான். “பாய், ஒரு நாளாச்சும் அந்தப் பையனப் பாத்து நல்லா ஓட்டுனேன்னு சொன்னா உங்க வாய் என்ன வெந்தா போயிரும்?”

“நல்லா ஓட்டுனா சொல்ல மாட்டேனா?” என்பார் ஜாபர் சாதிக். சொன்னதே இல்லை.

ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் பஜாரில் வயதான இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஜாவா பளபளவென்று புதிதாக இருந்தபோது, இதே ஜாபர் சாதிக் தொந்தி இல்லாத காலத்தில், வில்லிங்டன் தீவில் நடந்த ஒரு பந்தயத்தில் தானே ஓட்டினார். ஏழு பேரில் ஏழாவதாக வந்தார். புது எஞ்சின், இன்னும் ஓடித் தேறவில்லை என்று அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டார், ஊரிலும் சொல்லிவிட்டார், கடைசியில் தனக்கும் சொல்லிக்கொண்டார். இப்போது கணக்கு உங்களுக்கே புரியும். ஜெயிப்பது கையில்தான் இருக்கிறது என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால், அன்றைக்குத் தோற்றதும் கைதான் என்று ஆகிவிடாதா? மொய்துவுக்கு ஒரு சொட்டுப் பாராட்டு விழுந்தால் அது நேரே அந்த ஏழாவது இடத்தில் போய் விழும். மனுஷன் பாவம், பன்னிரண்டு வருஷமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்படி இருக்கும்போதுதான் கடிதம் வந்தது.

கோயம்புத்தூரில் பந்தயத்துக்கென்றே ஆள் வைத்து, சம்பளம் கொடுத்து ஓட்டவைக்கும் ஒரு கம்பெனிக் குழு. அதன் மேலாளர் வரதராஜுலு எழுதியிருந்தார்: இடக்கொச்சிப் பந்தயத்தைப் பார்த்தேன், உங்கள் மைத்துனர் மொய்து எங்கள் குழுவுக்கு வேண்டும், இந்த மாத முடிவுக்குள் சோதனை ஓட்டத்துக்கு அனுப்புங்கள், அதற்கு மேல் இந்த வருஷம் இடமில்லை. கிட்டங்கிக்கு வரும் தபாலைப் பிரிப்பவன் மொய்துதான், அதைப் பதினைந்து தடவை படித்தான். தமிழ் எழுத்து அவனுக்குக் கொஞ்சம் தடுக்கும், மலையாளம்தான் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆனாலும் தன் பெயர் இருந்த வரியை மட்டும் தடுக்காமல் படித்தான். போக வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான் வேண்டும். வாப்பா இல்லாத வீடு அது. “மச்சான் சம்மதிக்காம நீ வாசப்படி இறங்கினே, நான் சோறு தண்ணி தொட மாட்டேன்” என்று உம்மா அடித்துச் சொல்லிவிட்டாள். மச்சானின் வாயிலிருந்து ‘போ’ என்று ஒரு சொல் வந்தாக வேண்டும்.

ஜாபர் சாதிக் கடிதத்தை வாங்கி, ஒரு தடவை படித்தார், சிரித்தார்.

“புத்திசாலிப் பய! ஆளைக் கேக்குறான், பாத்தியா?”

“ஆமா மச்சான், என்னையத்தான்...”

“உன்னைய எவன்டா கேட்டான்! பஜார்ல இத்தனை வருஷம் இருந்து என்னத்தைக் கத்துக்கிட்டே? மிளகு வேணும்னு வர்றவன் வந்தவுடனே மிளகு விலையா கேப்பான்? சுக்கு என்ன விலைம்பான், ஏலம் எப்படி இருக்குதும்பான், போற போக்குல மிளகை ஒரு பார்வை பார்ப்பான். இவனுக்கு வேண்டியது என் ஜாவா. நேரா கேட்டா நான் ஏத்திச் சொல்லுவேன்னு உன் பேரை எழுதியிருக்கான்.”

பஜாரில் அது உண்மைதான். முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் வாங்கினார், விற்றார். உலகம் முழுக்கவும் மட்டாஞ்சேரி பஜார்தான் என்று நினைத்ததுதான் தப்பு. மொய்து மிளகு தூற்றப் போய்விட்டான்.

தரகில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரன் சரக்குக் கேட்டால் முதலில் சாம்பிள் போக வேண்டும். ஜாபர் சாதிக் வழக்கம் தவறாதவர். மறுநாளே ஜாவாவைச் சாக்கில் சுற்றி, சணலால் தைத்து, கோயம்புத்தூர் போகும் லாரியில் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் ஏற்றி, எல்லா சாம்பிளுக்கும் எழுதுகிற மாதிரியே ஒரு சீட்டும் எழுதிக் கட்டிவிட்டார்: ‘முதல் தரம். பார்த்து முடிவு தெரிவிக்கவும்.’ மொய்துவுக்கு விஷயம் தெரிந்தபோது லாரி ஆலுவாவைத் தாண்டியிருக்கும். சுலைஹாதான் கேட்டாள்.

“ஆளைக் கேட்டா வண்டியை அனுப்பற கூத்து எங்கயாச்சும் உண்டா?”

“உனக்கு யாவாரம் தெரியாது” என்றார் ஜாபர் சாதிக்.

ஐந்தாம் நாள் பஜாரில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் இழுவண்டியில் சாக்குப் பிரிக்காத ஜாவாவும், கூடவே சாயம் போன ஒரு வண்டியும். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் இறங்கிக் கிட்டங்கிக்குள் வந்தார். ஜாபர் சாதிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. விலை பேச நேரிலேயே வந்துவிட்டான்! சட்டென்று தோள் துண்டை உதறிக் கையை மூடிக்கொண்டு நீட்டினார். பெரிய பேரமெல்லாம் பஜாரில் அப்படித்தான் முடியும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை சொல்லிவிடுவார்கள். கோயம்புத்தூர்க்காரருக்கு என்ன தெரியும்? கையில் ஏதோ புண் போலிருக்கிறது, மறைத்துக்கொள்கிறார் என்று நினைத்து, துண்டோடு சேர்த்துப் பதமாகப் பிடித்துக் குலுக்கினார்.

“நான் வரதராஜுலுங்க. ஏனுங்க, நான் தம்பியை வரச் சொன்னா நீங்க வண்டியக் கட்டி அனுப்பிருக்கறீங்க?”

“சாம்பிள் பார்த்தீங்களா? எப்படி?”

“வண்டி எங்ககிட்ட பத்து இருக்குதுங்க. ஓட்டறதுக்குத்தான் ஆள் வேணும்.”

இப்படி யாராவது முகத்துக்கு நேரே சொன்னால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? தலையைச் சொறிவோம். ஜாபர் சாதிக், சாயா கொண்டுவந்திருந்த நாணுவைப் பார்த்துக் கண்ணடித்தார். பாரு, இன்னும் சுக்கு விலைதான் கேக்குறான் என்று அதற்கு அர்த்தம்.

மாத முடிவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. வந்தது வந்தாயிற்று, சோதனையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் வரதராஜுலு. சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோரும் இடக்கொச்சி மைதானத்தில் கூடினார்கள். நாலு மூலையிலும் தார் டின் வைத்து, நாலு சுற்று என்று தீர்மானமாயிற்று. மொய்துவுக்கு அந்தச் சாயம் போன வண்டி. அதற்கு ஒரு பக்கக் கால்மிதி கூடக் கம்பி வைத்துக் கட்டியதுதான்.

“அப்ப என் ஜாவா? அதும் கூட ஓடட்டும். எது சரக்குன்னு அப்பத் தெரியும்” என்றார் ஜாபர் சாதிக்.

“யார் ஓட்டறதுங்க?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லப்பாவுக்கு இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஆண்டவன் வாய் கொடுத்திருக்க வேண்டும். “யாரு ஓட்டுனா என்ன? ஆளு பூஜ்யம்னு பாய் தெனமும் சொல்றாருல்ல? அவரே ஏறட்டும்!”

கூட்டம் கைதட்டியது. மறுத்தால் பன்னிரண்டு வருஷச் சித்தாந்தம் போயிற்று. ஏறினால் தொந்தி டாங்கில் இடிக்கும். கொள்கைக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உலகத்தில் பலர் உண்டு. ஜாபர் சாதிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

நேர்பாதையில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இதைச் சொல்லாவிட்டால் ஜாவாவுக்குத் துரோகம். முதல் டின்வரைக்கும் அவர்தான் முன்னால்! காற்று காதில் இரைந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துத் தனக்கு முன்னால் யாருமே இல்லாத பாதையைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு அழுகையே வந்தது. அப்புறம் வளைவு வந்தது. அவர் பிரேக்கை மிதித்த இடத்தில் மொய்து மிதிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போய், பார்த்தவர்கள் ‘ஐயோ’ என்று வாயைப் பொத்திய பிறகு மிதித்தான். உடம்பைச் சரித்து, உள்பக்கமாக நழுவி, அந்த டொக்கு வண்டியைத் தாஜா பண்ணி, கெஞ்சி, மிரட்டி, டின்னுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த முழ இடத்தில் நுழைந்து போய்விட்டான்.

ஜாபர் சாதிக் அதைப் பார்த்தார். சாயாக் கடையில் உட்கார்ந்து பார்த்ததில்லை, இரண்டடி தூரத்தில் பார்த்தார். முப்பது வருஷம் மிளகைக் கடித்தவருக்குத் தரம் தெரியாமலா போகும்? சுத்தமான முதல் தரம். நெஞ்சுக்குள் ஒன்று துள்ளியது, ‘அடடா’ என்றே சொன்னார். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது சுற்றில் தானும் அதேபோலத் தாமதமாக மிதித்துப் பார்த்தார். ஜாவா மைதானத்தின் விளிம்பில் நின்றுவிட்டது. அவர் மட்டும் தொடர்ந்து போய், தேங்காய் மட்டை ஊறப்போட்டிருந்த சேற்றுத் தண்ணீரில் இறங்கினார். நாலு பேர் பிடித்துத் தூக்கியபோது தலையிலிருந்து கால்வரை கறுப்பாக, நாற்றம் தாங்க முடியாமல் நின்றார். காயம் ஒன்றும் இல்லை. மொய்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஜாபர் சாதிக் வாயிலிருந்த சேற்றைத் துப்பினார்.

“பாத்தீங்களாடா! கம்பெனி வண்டின்னா கம்பெனி வண்டிதான்!”

வரதராஜுலு தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏனுங்க, இது எங்க பசங்க டீ வாங்கப் போற வண்டிங்க!”

“அதைத்தான் நானும் சொல்றேன்! டீ வாங்கப் போற வண்டியே இந்தப் போடு போட்டா, பந்தய வண்டி எப்படி இருக்கும்? டேய் மொய்து, போடா நீ. தாராளமாப் போ. அதுல உட்கார்ந்தா மிளகு மூட்டை கூட ஜெயிக்கும்.”

ஆக, ‘போ’ என்ற சொல் கிடைத்துவிட்டது. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனை அனுப்பி வைத்தாள். மொய்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். சந்தோஷமாகத்தான் ஏறினான், ஆனால் பஜார் முனை திரும்பும்வரை கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கிட்டங்கி வாசலைப் பார்த்துக்கொண்டே போனான். வாசலில் மச்சான் ஜாவாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்தில் மொய்து மெட்ராஸ் பக்கம் சோழவரம் பந்தயத்தில் ஜெயித்தான். பத்திரிகையில் படம் வந்தது. ஜாபர் சாதிக் அந்தப் பக்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். இல்லையென்று சொல்லக் கூடாது, பெருமையாகத்தான் காட்டினார். ஆனால் ஆள்காட்டி விரல் எஞ்சின் மேல் இருக்கும். பெருவிரல், கச்சிதமாக, மச்சினன் முகத்தின் மேல் இருக்கும். சோழவரத்துக்கு அடுத்த மாதமே ஒரு பந்தயத்தில் மொய்து விழுந்தான். இடதுகையில் இரண்டு விரல் மடங்காமலே போய்விட்டது. மற்ற இரண்டு விரலால் கிளட்சைப் பிடிக்கப் பழக ஏழு மாதம் ஆயிற்று. பழகி, மறுபடி ஓட்டி, மறுபடி ஜெயித்தான்.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளைக்கு மொய்து கோப்பையோடு வீட்டுக்கு வந்தான். சுலைஹா விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்று நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் ஆக்கியிருந்தாள். ஜாபர் சாதிக் முதல் கவளத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி, “சட்டி நல்ல கனமான சட்டி, அதான் அடிப்பிடிக்கலை” என்றார். அவள் தம்பியைப் பார்த்தாள்.

மொய்து கையைக் கழுவிவிட்டு, அந்த இடதுகையை மச்சான் முன்னால் நீட்டினான். விரல் இரண்டும் விறைத்து நின்றன.

“மச்சான், ஒண்ணு கேக்கட்டா? எத்தனையோ பேர் என்னமோ சொல்லிட்டாங்க. நீங்க சொல்லுங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு ஓட்டுனேனே, நான் நல்லா ஓட்டுனேனா?”

ஜாபர் சாதிக் அந்தக் கையைத் தன் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மடங்காத விரலைத் தடவினார். அவர் கண் நிறைந்துவிட்டது. பொய் இல்லை, உண்மையாகவே நிறைந்துவிட்டது. சொல் தொண்டைவரை வந்ததை எதிரே உட்கார்ந்திருந்த சுலைஹா பார்த்தாள். வருகிறது, இதோ வருகிறது...

“ரெண்டு விரல்ல பிடிக்க முடியுதுன்னா, கிளட்ச் எவ்வளவு லேசா இருக்கணும்!” என்றார் ஜாபர் சாதிக்.

மொய்து சிரித்தான். சிரித்து, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான். சுலைஹா சிரிக்கவில்லை. கணவர் முன்னால் இருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்தாள். அடுப்படிக்குப் போய்ச் சட்டியில் இருந்ததை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, வெறும் சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“நல்ல சட்டிதானே? அதையே போடச் சொல்லிச் சாப்பிடுங்க.”

ஜாபர் சாதிக் சட்டியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். சட்டி ஒன்றும் போடவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு, போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சையில் முதலாவதாக வந்தபோது அவள் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னது யார், தம்பி எடுத்த படத்தைப் பார்த்ததும் என்ன கேமரா என்று கேட்டது யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கலாம். எதற்கும் இன்றைக்குச் சாப்பிட உட்காருமுன் எழுந்து போய், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். சொல்ல வாய் வரவில்லையா? சட்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.